நேரத்தால் பங்கிடும் இடம்: கோவை நடைபாதைக் கடை அகற்றமும் நகர நெரிசலும்

கோயம்புத்தூரில் ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, டவுன்ஹால், கிராஸ்கட் ரோடு, உக்கடம் ஆகிய பகுதிகளில் நடைபாதைக் கடைகள் அகற்றப்படுவதும் மறுபடி முளைப்பதும் ஓயாத சுழற்சி. மாநகராட்சி லாரி வரும். போக்குவரத்துக் காவலர் துணைக்கு நிற்பார். தள்ளுவண்டிகளும் மேசைகளும் ஏற்றப்படும். சில நாளில் அதே இடத்தில் கடை விரியும். கண்காணிப்பு போதவில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. பிழைக்க வேறு வழியில்லை என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் நெரிசலை இடப் பற்றாக்குறையாகவே காண்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. கோவையின் நெரிசலில் பெரும்பகுதி நேரம் சார்ந்தது. நேரம் சார்ந்த சிக்கலை நிலையான அகற்றத்தால் தீர்க்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரே நிலத்தை நேரத்தால் பங்கிடும் முறை கொங்கு நாட்டுச் சந்தைகளில் ஏற்கெனவே உண்டு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. முன்கணக்கெடுப்பின்றி நடக்கும் அகற்றம் அந்த மரபையும் சட்டத்தையும் ஒருசேரப் புறக்கணிக்கிறது.

1. நெரிசல் உருவான விதம்

கோவை 1866-இல் நகராட்சியானது. விக்டோரியா டவுன்ஹால் 1892-இல் எழுந்தது. அதைச் சுற்றிய பெரிய கடை வீதி, ராஜ வீதி, ரங்கே கவுடர் வீதி ஆகியவை மாட்டுவண்டிக் காலத்து அகலம் கொண்டவை. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கிய பஞ்சாலைத் தொழில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர் என்று வெளிப்புறமாகப் பரவியது. குடியிருப்புகளும் அதைத் தொடர்ந்தன. துணி, நகை, மளிகை மொத்த வியாபாரம் மட்டும் பழைய நகரத்தை விட்டு அதிகம் நகரவில்லை. 1981-இல் மாநகராட்சியான ஊர், 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாகவும், ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராகவும் விரிந்தது. எல்லை இரு மடங்குக்கு மேல் வளர்ந்தும், தீபாவளித் துணி எடுக்க மக்கள் வரும் வீதிகள் பழைய வீதிகளே.

பேருந்துப் போக்குவரத்தும் இந்தக் குவிதலை வளர்க்கிறது. மதுரை, திருச்சிப் பேருந்துகள் சிங்காநல்லூரில் நிற்கின்றன; பொள்ளாச்சி, பாலக்காடு பேருந்துகள் உக்கடத்தில்; மேட்டுப்பாளையம், ஊட்டிப் பேருந்துகள் மேட்டுப்பாளையம் சாலையில்; சேலம், ஈரோடு, திருப்பூர்ப் பேருந்துகள் காந்திபுரத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டியவர் நகரப் பேருந்தில் ஏறி நகரின் நடுவே வந்தாக வேண்டும். வெள்ளலூரில் தொடங்கிய ஒருங்கிணைந்த பேருந்து நிலையப் பணி பாதியில் நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் திறந்த உக்கடம் மேம்பாலமும், 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் அவினாசி சாலை மேம்பாலமும் ஊரைக் கடந்து போகும் வாகனங்களுக்கு உதவுகின்றன. ஒப்பணக்கார வீதியில் இறங்கி நடப்பவருக்கு அவற்றால் ஆகும் பயன் குறைவு.

நடைபாதைக் கடைகளின் இருப்பிடத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பேருந்து நிறுத்தம், பெரிய துணிக்கடை வாசல், கோயில் முகப்பு, மருத்துவமனை எதிர்ப்புறம் என நடப்பவர் சேரும் இடத்தில்தான் கடை விரிகிறது. ஆளில்லாத அகலமான சாலையில் யாரும் செருப்போ கொய்யாவோ பரப்பி உட்காருவதில்லை. கூட்டம் வந்தபின் கடை வருகிறது. வந்த கடை கூட்டத்தை மேலும் அடர்த்தியாக்குகிறது என்பதும் மெய்யே. ஆனால் அந்த அடர்த்தி நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலை பத்து மணிக்குத் தாராளமாக நடக்கக்கூடிய அதே நடைபாதை, மாலை ஆறு மணிக்குத் தோளோடு தோள் உரசும் இடமாகிறது. ஐப்பசியில் அடைபடும் வீதி மார்கழியில் மூச்சுவிடுகிறது.

கடையை எடுத்த இடம் வெற்றிடமாகவும் நீடிப்பதில்லை. பெரும்பாலும் இருசக்கர வாகனங்கள் அங்கே வரிசைகட்டுகின்றன. அல்லது பின்னாலுள்ள கடையின் பொம்மையும் தள்ளுபடி மேசையும் படியிறங்கி வருகின்றன. நடப்பவருக்குக் கிடைத்த அகலம் இப்படிக் கைமாறுவதை அகற்ற நடவடிக்கையின் கணக்கு பதிவு செய்வதில்லை. அகற்றிய கடைகளின் எண்ணிக்கை செய்தியாகிறது. அடுத்த மாதம் அங்கே மீந்திருந்த நடைவழியின் அகலத்தை யாரும் அளப்பதில்லை.

2. ஒரு கடையின் பொருளியல்

சிறு கடையொன்றின் ஒரு நாளைப் பார்ப்போம். முதல், மொத்த வியாபாரியிடம் கடனாக எடுத்த சரக்காகவோ தண்டல் பணமாகவோ இருக்கும். தண்டலில் வழக்கமான வடிவம் ஒன்று: பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்றால் பிடித்தம் போகக் குறைவான தொகையே கைக்கு வரும், நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சரக்கு தரையில் விரித்த தார்ப்பாயின் மேல் இருக்கும். காவல் வண்டி தெருமுனையில் தெரிந்ததும் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் கடை மூட்டையாகிவிடும். தள்ளுவண்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. வண்டி போனால் கடையே போயிற்று. வண்டி பிடிபட்ட நாளிலும் தண்டல்காரர் வருவார். கட்டத் தவறிய நாளுக்கு ஈடாக இன்னொரு கடன் வாங்க நேரும். ஒரு நாள் பறிமுதலின் பாதிப்பு பல வாரத்துக்கு நீள்வது இவ்வாறுதான்.

இதே வியாபாரிக்கு அரசு வேறொரு முகமும் காட்டுகிறது. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம், தெருவோர வியாபாரிக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய் வங்கிக் கடன் பெற வழி செய்தது. கணக்கெடுப்பில் விடுபட்டவருக்கு உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமே போதும் என்றது. கடன் தரும்போது வியாபாரி என்று ஒப்புக்கொள்ளும் உள்ளாட்சி, அகற்றும்போது ஆக்கிரமிப்பாளர் என்கிறது. தவணை கட்ட வேண்டிய வருமானம் வருவது, அது காலி செய்யச் சொல்லும் அதே இடத்திலிருந்துதான்.

3. சட்டம் விதித்த வரிசை

தெருவோர வியாபாரத்தின் சட்டநிலை நீதிமன்றங்களில் படிப்படியாக உருவானது. 1989-இல் சோடன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வது அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவு காக்கும் தொழிலுரிமை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. குறிப்பிட்ட ஓர் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் உரிமை இல்லை என்றும் வரையறுத்தது. 2010-இல் கைந்தா ராம் வழக்கில், இதற்கெனச் சட்டம் இயற்றப்பட வேண்டும் என்று காலக்கெடு விதித்தது. 2014 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வழியில் பிறந்தது. 2015-இல் தமிழ்நாடு அரசு தன் திட்டத்தையும் விதிகளையும் வெளியிட்டது.

இச்சட்டத்தின் உயிர் அதன் வரிசையில் உள்ளது. முதலில் நகர விற்பனைக் குழு. அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அடுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. பிறகு சான்றிதழும் விற்பனை மண்டலமும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்று 3-ஆம் பிரிவு தெளிவாகத் தடுக்கிறது. அதன் பின்னரும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பறித்த பொருள் அழுகக்கூடியதென்றால் அன்றே, மற்றவை என்றால் இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். முரணான பிற சட்டங்களை இது மேவும் என்றும் 33-ஆம் பிரிவு சொல்கிறது. மாநில நெடுஞ்சாலையில் நெடுஞ்சாலைத் துறை அகற்றுகிறது, உள்வீதியில் மாநகராட்சி அகற்றுகிறது, திருவிழாக் காலத்தில் காவல்துறை அகற்றுகிறது என்ற பிரிவினையால் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது.

இருப்பினும் இதில் பலவீனமான இடம் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் ‘புல்டோசர்’ வழக்கில் கட்டட இடிப்புக்கு 15 நாள் அறிவிப்பு உள்ளிட்ட நெறிகளை வகுத்தபோது, சாலை, தெரு, நடைபாதை போன்ற பொது இடங்களிலுள்ள அனுமதியற்ற அமைப்புகளுக்கு அவை பொருந்தா என்று விலக்களித்தது. வீட்டுக்காரருக்குக் கிடைத்த புதிய கவசம் தள்ளுவண்டிக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவருக்குள்ள முதன்மையான அரண் 2014-ஆம் ஆண்டுச் சட்டமே. அதன் முதற்படியான கணக்கெடுப்பைச் செய்யாமல் விடுவது, அந்த அரணைச் செயலிழக்கச் செய்வதற்கு ஒப்பாகும்.

4. எவ்வளவு இடம்?

‘இவ்வளவு பேருக்கு நகரில் ஏது இடம்?’ என்ற கேள்வியைக் கணக்காகவே பார்க்கலாம். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம் என்பது சட்டத்தின் அளவுகோல். விரிவடைந்த கோவை மாநகராட்சியின் 2011 மக்கள்தொகையைச் சுமார் 16 லட்சம் என்று கொண்டால், உச்ச அளவு 40,000 பேர். ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்றால் மொத்தம் 80,000 சதுர மீட்டர், அதாவது 8 ஹெக்டேர். மாநகராட்சிப் பரப்பான 257 சதுர கிலோமீட்டரில் இது 0.03 விழுக்காடு. ஒரு கார் நிற்க 12.5 சதுர மீட்டர் என்று வைத்தால், அதே 8 ஹெக்டேரில் 6,400 கார்கள் நிற்கும். உச்ச அளவில் எண்ணப்பட்ட வியாபாரிகள் அனைவரும் கேட்கும் இடம் ஆறாயிரத்துச் சொச்சம் கார்களின் இடமே.

இந்தக் கணக்கு ஒரு வரம்புக்குட்பட்டது. மொத்தப் பரப்பு போதும் என்பதால் ஒப்பணக்கார வீதியில் இடம் போதும் என்று ஆகிவிடாது. வியாபாரிக்கு வேண்டியது எங்கோ உள்ள இரண்டு மீட்டர் அல்ல, ஆள் நடமாடும் இடத்தில் உள்ள இரண்டு மீட்டர். சென்னை பாண்டி பஜார் வியாபாரிகள் 2013 இறுதியில் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டபோது விற்பனை விழுந்துவிட்டது என்று முறையிட்டார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டு வாங்கும் பொருளுக்காக எவரும் மாடி ஏற மாட்டார். இந்த இடர்ப்பாட்டைத் தாண்ட நேரத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

5. கொங்குச் சந்தை தரும் பாடம்

பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. புஞ்சைப் புளியம்பட்டியில் வியாழக்கிழமைச் சந்தை. உள்ளாட்சி அமைப்பு சுங்க வசூலை ஏலத்தில் குத்தகைக்கு விடுகிறது. வியாபாரி அன்றைக்குரிய சுங்கத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக் கடை விரிக்கிறார். பொழுது சாய்ந்ததும் இடம் காலியாகிறது. அந்த ஒரு நாளுக்கு அவர் இடத்தின் உரிமையாளரும் இல்லை, ஆக்கிரமிப்பாளரும் இல்லை; கட்டணம் செலுத்திய பயனாளி. குத்தகைதாரரின் அடாவடி வசூல் போன்ற குறைகள் இம்முறையில் உண்டு. ஆயினும், நிரந்தர உரிமை தராமலேயே ஒருவரின் தொழிலை ஒப்புக்கொள்ளும் வழி இதில் இருக்கிறது. சோடன் சிங் தீர்ப்பு வரைந்த எல்லைக்குள் இது கச்சிதமாக அடங்குகிறது. நேரப் பகிர்வு அடிப்படையில் விற்பனை செய்யும் முறையை, மாநிலத் திட்டம் வகுக்க வேண்டிய பொருள்களில் ஒன்றாகச் சட்டத்தின் முதல் அட்டவணையும் குறிப்பிடுகிறது.

இந்த மரபு கட்டடத்தோடு மோதியதற்கு ஈரோடு சான்று. பன்னீர்செல்வம் பூங்கா அருகிலுள்ள கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என அயல் மாநில வியாபாரிகள் வந்து போவார்கள். ஈரோடு 2018-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தபின் அங்கே பல மாடி வணிக வளாகம் எழுந்தது. வாரத்தில் ஒரு நாள் கடை போடுபவர்களுக்கு, முழு மாத வாடகையும் முன்வைப்புத் தொகையும் கேட்கும் கடைகள் பொருந்தவில்லை. நேரத்தை வாடகைக்கு எடுத்துப் பிழைத்தவருக்கு நிரந்தரச் சுவரை விற்க முனைந்ததே அங்கு எழுந்த பூசலின் வேர்.

அதே ஈரோடு மாற்றுச் சான்றும் தருகிறது. 2020 பொதுமுடக்கத்தில் நேதாஜி காய்கறிச் சந்தை பேருந்து நிலையத்துக்கும், பின்னர் வ.உ.சி. பூங்கா மைதானத்துக்கும் இடம்பெயர்ந்தது. தரையில் கோடு, கடைக்கு எண், கடைகளுக்கிடையே இடைவெளி, திறக்கவும் மூடவும் நேரம் என எல்லாம் நாள் கணக்கில் ஒழுங்காயின. ஒரு வெளியை அதன் வழக்கமான பயனுக்கு வெளியே நேரம் குறித்து ஒதுக்கும் நிர்வாகத் திறன் நம் உள்ளாட்சிகளிடம் இருக்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்தது.

6. எதிர்வாதங்கள்

நடப்பவரின் உரிமை முதன்மையானது என்பது வலுவான எதிர்வாதம். தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தையைத் தூக்கி வருபவரும் சாலையில் இறங்கி நடக்க நேர்வதற்கு எந்த வாழ்வாதார வாதமும் நியாயம் ஆகாது. எனவே குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற நடைவழி என்ற இந்தியச் சாலைப் பேரவையின் அளவு எந்த ஏற்பாட்டிலும் விட்டுக்கொடுக்க முடியாதது. அந்த அளவு தள்ளுவண்டிக்குப் பொருந்துவது போலவே வாகன நிறுத்தத்துக்கும் துணிக்கடையின் மேசைக்கும் பொருந்த வேண்டும். ஒருவரை மட்டும் அளக்கும் கோல் அளவுகோல் ஆகாது.

வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரருக்கு இது அநீதி என்பது இன்னொரு வாதம். சுங்கமோ உரிமக் கட்டணமோ வெளிப்படையாக வாங்கினால் அந்த ஏற்றத்தாழ்வு குறையும்; இன்று மாமூலாகக் கசிவதும் உள்ளாட்சியின் கணக்கில் சேரும். கடைகளை ஒப்புக்கொண்டால் அவை பெருகும் என்ற அச்சத்துக்குச் சிங்கப்பூரின் அனுபவம் விடை தருகிறது. 1960-களின் இறுதியில் அங்கே முதலில் தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகே உணவங்காடி மையங்களைக் கட்டி, 1980-களின் நடுப்பகுதிவரை படிப்படியாக இடம் மாற்றினார்கள். நம்மவர் நன்கறிந்த தேக்கா மையம் அந்தக் காலத்தில் உருவானது. சிறிய நாடு, வலுவான அரசு என்ற வேறுபாடுகளைக் கழித்தாலும் வரிசை ஒன்றே: எண்ணிய பிறகே நகர்த்தல். எண்ணாமல் இடித்ததற்கு எதிர்முனை 2005-இல் ஜிம்பாப்வே. அங்கு சில வாரங்களில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தனர் என்று ஐ.நா. தூதர் அறிக்கை மதிப்பிட்டது.

7. முடிவுரை

கோவைக்கு இதிலிருந்து பெறப்படுவன மூன்று. முதலாவது, கணக்கெடுப்பு கடைகளை மட்டும் எண்ணினால் போதாது. எந்த வீதியில் எந்த நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை வாகனம் நிற்கிறது, எத்தனை கடை விரிகிறது என்று மூன்றையும் நேரவாரியாகப் பதிய வேண்டும். இரண்டாவது, சான்றிதழில் இடத்தோடு நேரமும் எழுதப்பட வேண்டும். ஒப்பணக்கார வீதியில் மாலை நெரிசலின்போது வண்டிக்குத் தடை என்றால், அதே வியாபாரிக்கு அருகிலுள்ள மாநகராட்சி மைதானத்திலோ விடுமுறை நாளில் வெறிச்சோடும் அலுவலகச் சாலையிலோ அந்த நேரத்துக்குரிய இடம் ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஐம்பதாண்டுக்கு மேல் வியாபாரம் நடந்த இயற்கைச் சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்கச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. டவுன்ஹால் சுற்றுவட்டாரத்தை அந்த நோக்கில் ஆராய்வது நகர விற்பனைக் குழுவின் முதல் வேலைகளுள் ஒன்றாக வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரும் கட்டுமானச் செலவும் இல்லை. இவை நடந்த பின்னும் சில கடைகளை அகற்ற வேண்டி வரலாம். அப்போது அந்த அகற்றம் எதற்காக, யாருக்கு எவ்வளவு அகலத்தை மீட்டது என்று கேட்கவும் விடை சொல்லவும் நம்மிடம் பதிவு இருக்கும். அந்தப் பதிவு இல்லாத இன்றைய நிலையில், லாரியில் ஏற்றிய வண்டிகளின் எண்ணிக்கை நெரிசல் குறைந்ததற்கான சான்று ஆகாது.