வேண்டுமென்றே செய்த தாமதம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்னும் ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற கணிப்பொறி அமைப்பை உருவாக்கியவர்கள், எக்காரியத்தையும் எவ்வளவு துரிதமாக முடிக்கலாம் என்பதிலேயே சிந்தை செலுத்தியவர்களாயினும், கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் அந்தத் துரிதமே விபரீதமாக முடியும் என்பதைச் சில ஆண்டுகளுக்குள் உணர்ந்தார்கள்.

கடவுச்சொற்களை மறைத்து வைக்க முதலில் அவர்கள் கையாண்ட உபாயம், இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் உபயோகித்த எம்-209 என்னும் மறையெழுத்து யந்திரத்தின் செயலைக் கணிப்பொறிக்குள் போலச் செய்வதாகும். கடவுச்சொல்லை மறைக்க வேண்டிய செய்தியாகக் கொள்ளாமல், அதையே திறவுகோலாக்கி, மாறாத ஒரு செய்தியை அதனால் பூட்டி, அதன் விளைவை மட்டும் கோப்பில் எழுதி வைத்தார்கள். யுக்தி நேர்த்தியானதுதான், ஆனால் பிடிபி-11/70 என்னும் கணிப்பொறி ஒரு சொல்லைச் சோதிக்க 1.25 மில்லி விநாடியே எடுத்துக்கொண்டதால், ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆகக்கூடிய சொற்கள் அனைத்தையும் ஏறக்குறைய 4 மணி நேரத்தில் சோதித்துத் தீர்த்துவிட முடிந்தது.

அத்தனை சிரமமும் அநேகமாகத் தேவைப்படவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் எளிதில் அகப்படக்கூடியவை. அவற்றுள் 15, ஒரே ஓர் எழுத்தாலானவை! மனித சுபாவத்தைத் திருத்துவது பொறியாளர் தொழிலன்று என்பதை உணர்ந்தே போலும், அவ்விருவரும் யந்திரத்தின் சுபாவத்தைத் திருத்த முற்பட்டார்கள். கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளிலிருந்து 56 பிட் திறவுகோல் ஒன்றை அமைத்து, டிஇஎஸ் என்னும் மறையாக்க முறையை ஒருமுறைக்குப் பதிலாக 25 முறை அடுத்தடுத்துச் சுழலவிட்டதோடு, ஒரே சொல் 4,096 வெவ்வேறு வடிவங்களில் ஏதேனும் ஒன்றைப் பெறும்படி 'உப்பு' எனப்பட்ட தற்செயல் எண் ஒன்றையும் கலந்தார்கள். முறையாக நுழைபவனுக்குக் கண நேரக் காத்திருப்பாகத் தோன்றும் அத்தாமதம், லட்சம் சொற்களை ஊகித்துப் பார்க்கும் திருடனுக்குப் பெருஞ்சுமையாயிற்று.

விதியின் விசித்திரம், 1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த புழுநிரலை ஏவியவர் அதே மாரிஸின் மைந்தர்; தந்தை திட்டமிட்டு மெதுவாக்கிய கணக்கை மிக விரைவாகப் போடும் தனிநிரல் ஒன்று அப்புழுவுக்குள்ளேயே இருந்தது.

யந்திரங்களின் வேகம் வளர வளர 25 என்ற எண் அற்பமாகிவிட்டதனால், 1999-ல் நீல்ஸ் புரோவோசும் டேவிட் மாசியேரும் பிகிரிப்ட் என்ற முறையை வகுத்தபோது, சுற்றுகளின் அளவை நிலையாக வைக்காமல், காலத்துக்கேற்பக் கூட்டிக்கொள்ளும் உரிமையை அமைப்பை நிர்வகிப்பவரிடமே விட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் வெளியான பிபிகேடிஎஃப்2 என்ற முறை, கடவுச்சொல்லிலிருந்து மறையாக்கத் திறவுகோல் வடிப்பதற்குக் குறைந்தது 1,000 சுற்றுகளைப் பரிந்துரைத்தது. இன்று அதற்குச் சொல்லப்படும் எண்ணிக்கை லட்சங்களில் நிற்கிறது.