உழைப்பும் பயிற்சியும்: இதய மறுவாழ்வு ஆய்வு வரலாற்றில் மரக்காணம் எழுப்பும் வினா

இதய நோயர்க்கு உடலியக்கம் நன்மை தரும் என்ற கருத்து, மருத்துவமனைக்கு முன்பே ஒரு தொழிலில் கண்டறியப்பட்டது. நெஞ்சுவலி நோயை 1772இல் விரித்துரைத்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்துவந்த நோயர் ஒருவர் ஏறத்தாழக் குணமடைந்ததைப் பதிவுசெய்துள்ளார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி மருத்துவம் இதனைப் பொருட்படுத்தவில்லை. மாரடைப்புற்றோர் வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். 1952இல் லெவினும் லௌனும் அவர்களை நாற்காலியில் அமர்த்தியதே அன்று துணிச்சலாகக் கருதப்பட்டது.

இந்தியாவில் 24 மையங்களில் 3,959 நோயரிடம் நிகழ்த்தப்பெற்று 2020இல் வெளியான யோகா-கேர் ஆய்வு, விலைமிகு கருவிகள் வேண்டாத யோகப் பயிற்சியைச் சோதித்தது. இறப்பு, மறு மாரடைப்பு முதலியவற்றில் உறுதியான குறைவு புலப்படவில்லை. நோய்க்கு முந்தைய செயல்களுக்குத் திரும்புதல் மேம்பட்டது.

‘திரும்புதல்’ என்னும் இவ்வளவீடே மரக்காணத்தில் சிக்கலாகிறது. கடும் வெயிலில் பாத்தியினின்று மரப்பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவதும், அதனைச் சுமந்து குவிப்பதும் உப்பளத் தொழிலாளர்க்கு அன்றாடச் செயல். மழைக்காலத்தில் அவ்வியக்கமும் நின்றுவிடும். நடைப்பயிற்சியை மட்டும் வகுத்துரைக்கும் பரிந்துரை, எவ்வளவு சுமையை, எந்த வெயிலில், எத்தனை வாரங்களுக்குப்பின் அவர் மீண்டும் தூக்கலாம் என்பதைக் கூறுவதில்லை.