வாசலில் நின்றவர் வகுப்பறைக்கு வந்த வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய அதன் அரண்மனைகளைப் பார்க்க வேண்டுவதில்லை. அதன் பள்ளி வாசலில் யார் நுழைந்தனர், யார் நிறுத்தப்பட்டனர் என்று பார்த்தாலே போதும். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

50,000 ஆண்டுகளுக்கும் மேலாக அக்கண்டத்தில் வாழ்ந்து வருபவர் அம்மக்கள். நிலம் அவர்களுக்கு உடைமையன்று, உறவு. மலைக்கும் ஆற்றுக்கும் கதையுண்டு. அவற்றைப் பேணுதல் அந்தந்தக் குலத்தாரின் கடமை. 1788-இல் குடியேறிய ஆங்கிலேயரோ அதனை உரிமையாளரற்ற நிலமாகக் கொண்டனர்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1902 முதல், வெள்ளையரான பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தால் பழங்குடிக் குழந்தையை அரசுப் பள்ளியிலிருந்து விலக்கலாம் என்னும் முறை நிலவியது. தலைமையாசிரியரின் அவ்வதிகாரம் 1972-இல்தான் நீங்கியது. நானும் ஒரு தலைமையாசிரியனாதலின், இதைப் படித்தபோது என் நெஞ்சு சுட்டது. குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்தே பிரித்தெடுக்கப்பட்டனர். அக்கொடுமைக்காக 2008-இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

உரிமை தானாக வரவில்லை. 1966-இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிந்ஜி மக்கள் வேவ் ஹில் கால்நடைப் பண்ணையில் வேலைநிறுத்தம் செய்தனர். 1975-இல் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை அவர் கையில் இட்டு, நிலத்தின் ஒரு பகுதியை ஒப்படைத்தார். தோரஸ் நீரிணைத் தீவினரான எடி மாபோ தொடுத்த வழக்கில், 1992-இல் நாட்டின் தலைமை நீதிமன்றம் 'உரிமையாளரற்ற நிலம்' என்னும் கொள்கையைத் தள்ளியது.

இன்று மழலையர் பள்ளிகள் பலவற்றில், தாம் அமர்ந்திருக்கும் நிலம் எந்தப் பழங்குடியினருடையது என்று கூறி வணங்கியபின்னரே நான்கு வயதுக் குழந்தைகள் பாடம் தொடங்குகின்றனர். தென்மேற்கே நூங்கர் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுப்பர். பூப்பதையும் காற்று மாறுவதையும் கண்டு பருவத்தை அறியும் அவ்வறிவைக் குழந்தைகள் மரத்தடியில் கற்கின்றனர். வளைதடியை வண்ணம் தீட்டச் செய்வது மட்டும் இக்கல்வியாகாது. அம்மண்ணின் மூத்தோரே வந்து கதை சொல்லுதல் வேண்டும். அன்று வாசலில் தடுக்கப்பட்ட தலைமுறையினர், இன்று ஆசான்களாக வகுப்பறைக்கு அழைக்கப்படுகின்றனர்!

இளைஞர்களே! நம் முதியோரும் ஏரியையும் வயலையும் கண்போல் அறிந்தவர்கள். பள்ளி வாசலைக் காணாதவர் அவர்களுள் பலர். அவர்கள் அருகில் அமருங்கள்; கேட்டு எழுதி வையுங்கள். நம் குழந்தைகளுக்கு அதுவே முதற் பாடமாகட்டும்.