வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும்!

பல்புக்கு வரும் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் மங்கும். அது இழுக்கும் கரண்டும் குறையும். சுவிட்சிங் பவர் சப்ளையின் குணம் நேர்மாறு. அது வெளியே 28 வாட் கொடுத்தே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பை விட்டுவிட்டால், 28 வோல்ட் வரும்போது 1 ஆம்பியர் இழுக்கும். 14 வோல்ட்டாகக் குறைந்தால் 2 ஆம்பியர். சின்ன ஏற்ற இறக்கங்களுக்கு இது எதிர்மறை மின்தடை போல நடந்துகொள்ளும்.

இதில் என்ன ஆபத்து? சுவிட்சிங் இரைச்சல் லைனுக்குத் திரும்பாமலிருக்க, முன்னால் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் வைப்போம். அது ஊஞ்சல் மாதிரி. சாதாரண மின்தடை ஊஞ்சலை அடக்கும். எதிர்மறை மின்தடை இன்னும் தள்ளிவிடும்.

சர்வீஸில் இருந்தபோது நானும் மாட்டிக்கொண்டேன். தனித்தனியே சோதித்தால் சப்ளையும் சரி, ஃபில்டரும் சரி. சேர்த்தால் வோல்டேஜ் ஆடியது. சப்ளையைக் கழற்றிப் பார்த்தே இரண்டு நாள் போயிற்று.

விடையை 1976லேயே எழுதிவைத்திருந்தார் அமெரிக்காவின் கால்டெக் பேராசிரியர் ஆர். டி. மிடில்புரூக். அதே ஆண்டு அவரும் மாணவர் ஸ்லோபோடன் சூக்கும், சுவிட்ச் மூடிய நிலையையும் திறந்த நிலையையும் நேர விகிதப்படி சராசரியாக்கிக் கணக்கிடும் வழியைக் கொடுத்தார்கள். அதனால் சப்ளையின் உள்ளீட்டுக் குணத்தையும் காகிதத்திலேயே கணிக்க முடிந்தது. மிடில்புரூக்கின் விதி எளிது: ஃபில்டரின் வெளியீட்டு இம்பீடன்ஸ், சப்ளையின் உள்ளீட்டு இம்பீடன்ஸைவிட எல்லா அலைவரிசையிலும் மிகக் குறைவாக இருக்கட்டும்.

கடைசியில் ஒரு மின்தடையைக் கெப்பாசிட்டரோடு தொடராகக் கோர்த்து ஃபில்டருக்குக் குறுக்கே போட்டேன். ஆட்டம் நின்றது.

நல்லவர் இருவரானாலும், சேர்த்துப் பார்த்துத்தான் பொருத்தம் சொல்ல வேண்டும்!