நெய்வேலியும் பழைய உழவர் வீடும்



பாழடைந்த பழைய பண்ணை வீடொன்றை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு வாழவேண்டும் என்னும் ஆசை இன்று பலருக்கு எழுகிறது. அகன்ற திண்ணையையும் நடு முற்றத்தையும் கண்டவர் மனம் அதை நாடுவதில் வியப்பில்லை. ஆயின், அவர்கள் உண்மையில் எதை வாங்குகிறார்கள்? நிலத்தையா, வீட்டையா? இவ்வினாவை நெய்வேலியின் வரலாற்றைக்கொண்டு ஆராய விரும்புகிறேன்.

கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண் பூமி நெய்வேலி. 1930களில் சம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கரிய பொருளொன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956ஆம் ஆண்டில் அதை எடுப்பதற்கென அரசு நிறுவனம் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தென்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் அளிக்கத் தொடங்கியது.

இது திறந்தவெளிச் சுரங்கம். மேலுள்ள மண் முழுவதையும் அகற்றினால்தான் கரியை எடுக்க இயலும். எனவே வயலும் தோப்பும் மட்டுமன்று, வீடுகளும் இடம்விட்டு நீங்கின. 'வட்டம்' என எண்ணிடப்பட்ட பகுதிகளோடு புதிய நகரியம் எழுந்தது. நாடு ஒளி பெற்றது. அதற்கு விலையாகத் தலைமுறைகள் வாழ்ந்த மண்ணைச் சிலர் துறந்தனர். இவ்விரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

நிலம் போனபின் வீடு பிழைக்குமா? பிழைக்கும் என்று காட்டியவர்கள் உண்டு. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசீலியஸ் என்பார் 1891ஆம் ஆண்டில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தை நிறுவினார். பல ஊர்களின் உழவர் வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் எழுப்பினார். நம் நாட்டில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவும் இவ்வகையதே. தென்னாட்டின் பழைய வீடுகளை விலைக்கு வாங்கிப் பிரித்து அங்கே அமைத்திருக்கிறார்கள். தஞ்சை வட்டாரத்து உழவர் வீடும் செட்டிநாட்டு வணிகர் வீடும் அங்கே காணத்தக்கவை.

இவ்வாறு பெயர்க்கும்போது முதல் வேலை பிரிப்பதன்று, அளப்பது. ஒவ்வோர் அறையையும் அளந்து வரைந்து, தூணுக்கும் உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் எண்ணிட்டுப் பின்னரே கழற்றவேண்டும். மரத்தைப் பெயர்க்கலாம், மண்சுவரைப் பெயர்க்க இயலாது. அதைப் புதிதாகவே எழுப்பவேண்டும். ஆகவே அதை எழுப்பும் முறையறிந்த கொத்தனாரும் தச்சரும் இல்லையேல், வாங்கிய வீடு வெறும் மரக்குவியலே.

இருந்த இடத்திலேயே வீட்டைச் செப்பனிடுவோருக்கும் இது பொருந்தும். முதலில் கூரையைப் பழுதுபார்த்து மழைநீரைத் தடுக்கவேண்டும். பிறகு கரையானை நோக்கவேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர், உள்ளே புகுந்த ஈரத்தை வெளிவிட்டு உலரும் தன்மையது. வலிமை வேண்டிச் சிமெண்டுப் பூச்சிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். நன்மை கருதிச் செய்த செயலே கேடாக முடியும்.

ஆகவே, பழைய வீட்டை வாங்குவோர் வாங்குவது நிலமும் மரமும் மட்டுமல்ல. அதைக் கட்டிய அறிவையும் காக்கும் பொறுப்பை ஏற்கிறார்கள். அவ்வறிவு பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. முதியோர் நினைவிலும் தொழிலாளர் கையிலும் வாழ்கிறது.

மாணவ நண்பர்களே! வீட்டை வாங்கப் பொருள் வேண்டும். அளக்க ஒரு நூலும் ஒரு குறிப்பேடும் போதும். உங்கள் ஊரில் எஞ்சி நிற்கும் பழைய உழவர் வீட்டை வரைந்து வையுங்கள். எந்த அறையில் நெற்குதிர் இருந்தது, முற்றத்து நீர் எவ்வழி ஓடிற்று என்று வீட்டாரைக் கேட்டு எழுதுங்கள். நாளை அவ்வீடு நில்லாமற் போயினும், மீண்டும் கட்டுதற்குரிய வழி உங்கள் ஏட்டில் இருக்கும்.