துருவும் திருத்தமும்: முதல் லாண்ட் ரோவர்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்

பழம்பொருள் பேணல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கோயில்கள், ஓலைச்சுவடிகள், செப்பேடுகள் முதலியன. இயந்திரங்கள் அவ்வரிசையில் எளிதில் இடம்பெறுவதில்லை. எழுபது ஆண்டுப் பழமையுள்ள துருவேறிய வண்டி ஒன்றை ஒருவர் விலை கொடுத்து வாங்கி, அது மீண்டும் ஓடும்வரை காலத்தையும் பொருளையும் செலவிட்டால், அதனைச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று கருதி ஒதுங்கிவிடுகிறோம். ஆயினும் அவர் முன் நிற்கும் கேள்வி, சுவடிப் பதிப்பாசிரியர் முன் நின்ற கேள்விதான். சிதைந்த ஒன்றைச் செப்பம் செய்யும்போது எதுவரை செல்லலாம்? எந்த இடத்தில் நம் கை நிற்க வேண்டும்? இங்கிலாந்தில் பிறந்த லாண்ட் ரோவர் என்னும் வண்டியின் வரலாற்றைத் துணைக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

பற்றாக்குறையின் பிள்ளை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, ரோவர் நிறுவனத்தின் நிலை உவப்பானதாக இல்லை. அதன் கவன்றித் தொழிற்சாலை 1940ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சிதைந்திருந்தது. போர்க்காலத்தில் விமான எஞ்சின்கள் செய்த சாலிஹல் தொழிற்சாலைக்கு நிறுவனம் இடம்பெயர்ந்தது. கட்டடம் இருந்தது, கைகள் இருந்தன, எஃகு மட்டும் இல்லை. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் நிறுவனங்களுக்கே எஃகு ஒதுக்கீடு என்பது அரசின் கொள்கை. ரோவர் செய்த உயர்வகைக் கார்களுக்கோ வெளிநாட்டில் பெரிய சந்தை இல்லை.

அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தமக்கிருந்த பண்ணையில், போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை உழைப்புக்கு வைத்திருந்தார். அமெரிக்க ஜீப்பின் இடத்தில் நிற்கத்தக்க உழவர் வண்டி ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் 1947இல் அவருக்கும், நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த அவர் தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸுக்கும் தோன்றியது. ஆங்கிள்சியின் ரெட் வார்ஃப் விரிகுடாக் கடற்கரை மணலில் அவ்வண்டியின் முதல் வரைவு கோடிடப்பட்டது என்பது அந்நிறுவன வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்ட முதல் மாதிரியில் ஸ்டியரிங் நடுவில் இருந்தது. அம்மாதிரி இன்று இல்லை. மூலப்படி அழிந்து, வழிப்படிகள் மட்டும் எஞ்சிய நூல்களை நன்கறிந்த நமக்கு இது புதிய துயரம் அன்று.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லாண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். விலை 450 பவுன். எஃகு கிடைக்காமையால் உடற்பகுதி அலுமினியக் கலவைத் தகட்டால் ஆயிற்று. பெரிய அச்சுக்கருவிகளுக்குச் செலவிட வழியில்லாமையால், தகடுகள் பெரும்பாலும் நேர்க்கோட்டு வடிவங்களில் மடிக்கப்பட்டன. எஃகுப் பட்டைகளை வெட்டி நான்கு பக்கமும் பற்றவைத்துப் பெட்டி போன்ற அடிச்சட்டம் செய்தனர். வண்ணம்கூடப் போரின் மிச்சமாகக் கிடைத்த பச்சைதான். கார் விற்பனை தலையெடுக்கும்வரை ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிக்கவே இவ்வண்டி என்று நிறுவனம் எண்ணியிருந்தது. அந்த இடைக்கால ஏற்பாட்டின் வழித்தோன்றலான டிஃபெண்டர் வண்டிகளின் பழைய வரிசை, 2016 ஜனவரி 29 அன்றுதான் சாலிஹலில் முடிவுற்றது. அதற்குள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்துவிட்டன.

துரு எங்கே இருக்கிறது?

பற்றாக்குறையால் நேர்ந்த இத்தேர்வுகளே பின்னாளில் இவ்வண்டிகளின் ஆயுளையும் தீர்மானித்தன. அலுமினியத்தில் செந்துரு ஏறாது. ஆகவே வயல் ஓரத்தில் கால் நூற்றாண்டு கிடந்த வண்டியும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முழுமையாகவே தோன்றும். வாங்க வருபவர் ஏமாறும் இடம் இதுதான். நோய் உள்ளே இருக்கிறது. பெட்டி வடிவ அடிச்சட்டத்தின் உட்புறத்தில் சேறும் ஈரமும் தங்கி, எஃகை உள்ளிருந்து அரிக்கின்றன. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள எஃகுத் தடுப்பு, கால் வைக்கும் இடங்களில் முதலில் ஓட்டையாகிறது. எஃகும் அலுமினியமும் சேரும் இடங்களில் ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பு நிகழ்ந்து, அலுமினியமும் வெண்பொடியாக உதிர்கிறது. அடிச்சட்டத்தின் மேல் தார் போன்ற பூச்சு தடித்து அப்பப்பட்டிருந்தால் அனுபவமுள்ளவர் ஐயுறுவார். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று ஒலித்தால் உலோகம். மொத்தென்று ஒலித்தால் துருவும் மண்ணும்.

முன்தயாரிப்பாகச் செய்யப்பட்ட 48 வண்டிகளின் அடிச்சட்டங்களுக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தது. விற்பனைக்கு வந்த வண்டிகளில் அது கைவிடப்பட்டது. சோதனைக்காகச் செய்தவை துருவுக்கு ஈடுகொடுத்ததும், உழவர்கள் வாங்கியவை உள்ளே அரித்துப்போனதும் இதனால் நேர்ந்த முரண்.

வாங்குபவர் பார்க்கவேண்டிய மற்றொன்று அடிச்சட்ட எண். கதவு, சக்கரம், எஞ்சின் எல்லாம் மாற்றத்தக்கவை; எண் ஒன்றே வண்டியின் முகவரி. அவ்வெண் பொறித்த சிறு தகட்டைக் கழற்றி வேறொரு வண்டியில் பூட்டிப் பழமை காட்டும் வணிகர்களும் உண்டு. ஆதலால் தகட்டை மட்டும் நம்பாமல், ஆவணக் குறிப்புகளோடும் வண்டியின் உறுப்புகளோடும் ஒப்புநோக்க வேண்டியிருக்கிறது. நூலின் ஆசிரியர் பெயரைப் பாயிரத்தில் மட்டும் பார்த்து ஏற்பதற்கும், நூலின் மொழியைக் கொண்டு உறுதிசெய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆம்ஸ்டர்டாம் வண்டி

1948 கண்காட்சியில் வைக்கப்பட்ட வண்டிகளுள் ஒன்று பின்னர் காணாமற்போயிற்று. 1960களில் கடைசியாகச் சாலையில் ஓடிய அது, வேல்ஸில் ஒரு வயலில் இருபது ஆண்டுகள் கிடந்தது. பின்னர் சீர்செய்யும் ஆவலோடு ஒருவர் வாங்கினார். வேலை முற்றுப்பெறாமல் தோட்டம் ஒன்றில் நின்றுவிட்டது. இறுதியில் அது கண்டெடுக்கப்பட்ட இடம், அது பிறந்த சாலிஹலிலிருந்து சில மைல் தொலைவில்! நிறுவனத்தின் பழமைப் பிரிவினர் பல மாதங்கள் ஆவணங்களை ஆராய்ந்து, அது கண்காட்சி வண்டியே என்று உறுதிசெய்தனர். எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2018 ஜனவரியில் அதன் சீரமைப்பை அறிவித்தபோது அவர்கள் சொன்ன ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. 1948இல் பூசப்பட்ட வெளிர்பச்சை வண்ணம் உள்ளிட்ட பழமையின் தடங்கள் அழிக்கப்படமாட்டா என்பதே அது.

புதுப் பச்சை பூசுவது எவ்வளவு எளிது! வாங்கியவர் மகிழ்வார், பார்ப்பவர் வியப்பார். ஆனால் உதிர்ந்தும் வெளுத்தும் எஞ்சிய அந்த வண்ணம் ஒரு சான்று. அந்நாளில் என்ன வண்ணம் கிடைத்தது, எத்தனை பூச்சு பூசினர், எவ்விடத்தில் கைகள் பட்டுத் தேய்ந்தது என்பனவெல்லாம் அதில் உள்ளன. மணற்காகிதத்தால் ஒருமுறை தேய்த்துவிட்டால் அவற்றை எந்தப் பொருள் கொடுத்தும் மீட்க இயலாது. நம் கோயில்களில் தூய்மையின் பெயரால் மணல்வீச்சு நடத்தியபோது கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிய துயரத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அவர் புலமைக்கு அவ்விடங்களை நிரப்புவது அரிய செயலா? ஆயினும் நிரப்பவில்லை. சிதைவைச் சிதைவாகவே அச்சிட்டார். பாடபேதங்களைத் தனியே குறித்தார். அவர் விட்டுவைத்த வெற்றிடத்தை நம்புவதால்தான் மற்ற அடிகளையும் நாம் நம்புகிறோம். வண்டியைச் சீர்செய்பவருக்கும் இதே அறம் பொருந்தும். ஓட்டையான தடுப்பை மாற்றத்தான் வேண்டும். இல்லையேல் வண்டி நிற்காது. எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று எழுதிவைப்பதும், புதிய உலோகம் பழையதாக நடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் கடன். அதைச் செய்யாத சீரமைப்பு, எவ்வளவு அழகாயினும், இடைச்செருகலே.

வழக்கில் உள்ளவை

இவ்விதியை எல்லா வண்டிக்கும் விரிப்பதும் பிழையாகும். டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சங் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குச் செல்லும் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் மலைப்பாதை மிகக் கடுமையானது. ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டுச்சென்ற லாண்ட் ரோவர்களைக் கொண்டு அவ்வூர் ஓட்டுநர்கள் பல்லாண்டு அப்பாதையில் ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் சென்றனர். 2018ஆம் ஆண்டு நிலவரப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் அவ்வூரில் உழைத்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்து நிறுவனத்தை 2008இல் டாட்டா மோட்டார்ஸ் வாங்கியதைவிட, இந்தியாவுக்கும் இவ்வண்டிக்குமான உறவை அழுத்தமாகச் சொல்வது இந்த ஊரே.

அவ்வண்டிகள் பலவற்றில் பழைய எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. உடைந்த உறுப்புக்கு ஈடாக உள்ளூர்ப் பட்டறையில் கிடைத்ததைப் பொருத்தினர். மூல வண்ணத்தை அங்கே தேடுவது வீண். அதற்காக அவர்களைக் குறைகூற இயலுமா? மழையில் சரிவில் நிற்கும் ஓட்டுநருக்கு பிரேக் பிடிக்க வேண்டும். பயணிகள் உயிரோடு ஊர் சேர வேண்டும். வாய்மொழிப் பாடலைப் பாடுபவர் அவையறிந்து அடியை மாற்றிப் பாடுகிறார். அதனைப் பாடபேதக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. வழக்கில் உள்ளது மாறும். மாறுவதால்தான் வழக்கில் இருக்கிறது.

ஆக, துருவேறிய பழைய வண்டியை வாங்குவோர் முதலில் துணியவேண்டியது இதுவே என நமக்குத் தோன்றுகிறது: கையில் இருப்பது இன்னும் உழைக்கவேண்டிய வண்டியா, உழைப்பு முடிந்து சான்றாகிவிட்ட வண்டியா? முன்னதற்கு வேண்டுவன நல்ல பிரேக்கும் உறுதியான அடிச்சட்டமும். பின்னதற்கு வேண்டுவது அடக்கமுள்ள கை. இரண்டையும் குழப்பி, சான்றான வண்டியைப் புதுமெருகு ஏற்றி விற்பனைக் கூடத்தில் நிறுத்துவோர் இன்று பெருகிவருகின்றனர். அவ்வண்டிகளில் துரு இராது. 1948இன் எஃகுத் தட்டுப்பாடும், வேல்ஸின் மழையும், ஓட்டிய உழவரின் கைத்தடமும் அவற்றில் இரா. பழையது என்று சொல்ல எண் பொறித்த தகடு ஒன்றே எஞ்சியிருக்கும்.