கடலுக்குள் ஒரு மேளக்காரன்

கத்தாழை மீன் சமைத்து உண்டிருப்பீர்கள். அது கடலுக்குள் மேளம் கொட்டும் மீன் என்பதை அறிவீர்களா? அதன் வரலாற்றில் நம் காவிரிக் கரைக்கும் ஓர் இடம் உண்டு.

பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தரங்கம்பாடிக்கு 1771-இல் வந்தவர் ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். இயற்கை ஆராய்ச்சியில் நாட்டம் கொண்ட இவர், இங்கு கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி, பெர்லின் நகர மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்கஸ் புளோக்குக்கு அனுப்பினார். புளோக் 1793-இல் ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று இவர் பெயரையே சூட்டினார். அதில் ஒரு மீன் 'ஜானியஸ் கருத்தா'. நம் மீனவர்களின் 'கறுத்த கத்தாழை'தான் லத்தீன் வேடம் பூண்டிருக்கிறது!

கத்தாழைக் குடும்ப மீன்கள் பலவற்றின் உடலுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. அதையொட்டிய தசைகள் விரைந்து சுருங்கி விரிகையில் பை அதிர்ந்து ஒலி எழுகிறது. தவிலில் தோலும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் துணையை அழைக்கவே இந்த முழக்கம். கடல்நீரில் ஒளி விரைவில் மங்கிவிடும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும். காற்றில் அதன் வேகம் சுமார் 340 மீட்டர்தான்.

1942-ஆம் ஆண்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலியால் கண்டறிய, அமெரிக்கக் கடற்படை செசபீக் விரிகுடாவில் நீரொலி வாங்கிகளைப் பொருத்தியது. அவற்றில் கேட்டதோ தரையைத் துளைக்கும் இயந்திரம் போன்ற பேரிரைச்சல்! ஆராய்ந்தபோது, கத்தாழைக் குடும்பத்து மீன்களே காரணம் என்று தெரிந்தது. பொறியாளர்கள் மீனொலியின் அதிர்வெண்களை அளந்து, அவற்றை வடிகட்டும் மின்சுற்றை அமைத்தனர்.

யுத்தம் முடிந்ததும் மேரி போலந்து ஃபிஷ் என்ற அம்மையார் (பெயரிலேயே மீன்!) கடல் உயிர்களின் ஒலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். இரைச்சலென்று ஒதுக்கியதே தனி விஞ்ஞானமாக வளர்ந்தது. இன்று மீன்களின் முழக்கத்தைக் கொண்டே அவை முட்டையிடும் இடங்களைக் கண்டறிகிறார்கள். 1993-இல் சென்னையில் நிறுவப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் நம் கடல்களின் பின்னணி ஒலியை அளந்து வருகிறது.

இவ்வளவு அளப்பது எதற்கு? கப்பல் எந்திரங்களின் ஒலியும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. மீனின் முழக்கமும் அப்படியே. அன்று மீனொலியில் கப்பல் கேட்கவில்லை. இன்று கப்பலொலியில் மீனுக்கு மீன் கேட்காமல் போகிறது. துணையை அழைக்கும் குரல் கேட்காவிட்டால் மீன்வளம் என்னவாகும்? இயற்பியலும் உயிரியலும் சேர்ந்து விடை காண வேண்டிய கேள்வி இது.